லைசன்ஸ் இருக்கா? துவக்கு விதிகளின் இரண்டு வரலாறு

ஜூன் 13ஆம் திகதியை ஒட்டி வஹகோட்டை அந்தோனியார் கோவில் திருவிழாவுக்குப் போவது எங்கள் வீட்டில் பழக்கம். நாங்கள் கத்தோலிக்கர்கள் இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு வடம் பிடிக்கிற குடும்பம். ஆனா அந்தோனியாருக்கு நேர்ந்துகொள்ள யாரு மதம் பார்க்கிறாங்க? காணாமல் போன பொருள் கிடைக்கணும்னாலும் சரி, தங்கச்சிக்குக் கல்யாணம் நடக்கணும்னாலும் சரி, கலேவலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவோம்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். கோவிலுக்கு வெளியே கடலைக் கடை, வளையல் கடைகளுக்கு நடுவில் ஒரு பலூன் சுடுகிற கடை. அதை நடத்தியவர் வயசான ஒருத்தர். காற்றுத் துவக்கைக் கையில் தருவதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுவார். "தம்பி, குழல் பலூனைத்தான் பார்க்கணும், என்னையப் பார்க்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் விரலை உள்ள போடாத. யாராச்சும் கயித்தைத் தாண்டி முன்னால போனா துவக்கைக் கீழ வச்சிரு." காசு கொடுத்தவன் யாராக இருந்தாலும் இதே மூன்று வசனம்தான். சீருடை போட்ட ஒருவர் வந்தபோதும் அதையே சொன்னார். அவர் சிரித்தார், இவர் சிரிக்கவில்லை.

அதே ஆண்டு எங்கள் மாமா ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல் போனது. காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த இடியன் துவக்கு. முதல் தடவை விசையை இழுத்தபோது "டிக்" என்று மட்டும் கேட்டது, வெடி போகவில்லை. மருந்து பத்தவில்லை போல என்று குழலுக்குள் இன்னும் கொஞ்சம் மருந்து போட்டு இடித்தார். அடுத்த தடவை குழலே பிளந்துவிட்டது. இரத்தம் சொட்டச் சொட்டக் கொண்டுபோன இடத்தில் அவரிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி: "லைசன்ஸ் இருக்கா?"

பலூன் கடைக்காரரின் மூன்று வசனமும் இந்த ஒரு கேள்வியும் துவக்கு பற்றிய விதிகள்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. அந்த இரண்டு வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

துவக்குக்காரர்களின் ஊர்

வஹகோட்டையில் இதைத் தொடங்குவதற்குத் திருவிழா மட்டும் காரணமில்லை. 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்திடம் தோற்றுப் பிடிபட்ட போர்த்துக்கேயப் படைவீரர்களின் வழியில் வந்தவர்கள் என்றுதான் இங்குள்ள பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் அறியப்படுகின்றன. 1630இல் ரந்தெனிவெலவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா தன் படையோடு அழிந்தார். 1638இல் கன்னொறுவையில் இன்னொரு பெரிய தோல்வி. உயிரோடு பிடிபட்டவர்களை அரசர்கள் எல்லோரையும் கொன்றுவிடவில்லை. பலரை உள்நாட்டுக் கிராமங்களில் குடியேற்றினார்கள். அவர்கள் சிங்களம் பேசினார்கள், வயல் செய்தார்கள், சாமியார் இல்லாத காலத்திலும் அந்தோனியாரை விடாமல் வைத்திருந்தார்கள்.

துவக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் பிள்ளைகள் மண்வெட்டியைத் தூக்கினார்கள். துவக்கு மட்டும் நாட்டில் தங்கிவிட்டது. கண்டியின் கொல்லர்கள் அதைச் சொந்தமாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். நூதனசாலைகளில் இருக்கும் அந்தக் காலத்துச் சிங்களத் துவக்குகளைப் பாருங்கள். ஐரோப்பியத் துவக்குகளில் வலது பக்கம் இருக்கும் வெடிப்பொறி இவற்றில் இடது பக்கம் இருக்கும். பார்த்துச் செய்தாலும் அப்படியே செய்யவில்லை, தங்கள் வழியில் செய்தார்கள். நாம் "துவக்கு" என்கிறோம், சிங்களத்தில் "துவக்குவ" என்கிறார்கள். தீவில் நம்ம இரண்டு மொழியும் சண்டை போடாமல் பங்கு போட்டுக்கொண்ட சொற்களில் இதுவும் ஒன்று.

19ஆம் நூற்றாண்டுக்குள் துவக்கு மலைநாட்டுக் கிராமத்தில் ஒரு வேளாண்மைக் கருவி ஆகிவிட்டது. சேனைக்குள் யானையும் பன்றியும் வராமல் இருக்க அது வேண்டும். கத்தி, கோடாலி மாதிரி.

இரண்டரை ஷில்லிங்

1847இல் டொரிங்டன் பிரபு ஆளுநராக வந்தார். அந்த நேரம் பார்த்துக் கோப்பி விலை விழுந்து அரசாங்கத்தின் பெட்டி காலியாக இருந்தது. அதை நிரப்பச் சில புதிய வரிகள் வந்தன. நாய்க்கு வரி. கடைக்கு வரி. வீதி அமைக்க ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பு, இல்லாவிட்டால் மூன்று ஷில்லிங். துவக்கு வைத்திருந்தால் ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் கட்டி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும்.

நாய், துவக்கு என்று கேட்டால் நமக்கு இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் சேனைக்காரனின் காவல் இந்த இரண்டும்தான். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் விலை கேட்டார்கள். 1848 ஜூலை 6ஆம் திகதி கண்டிக் கச்சேரி முன் மக்கள் கூடினார்கள். ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடி சூட்டினார்கள். 28ஆம் திகதி மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. வரியின் பதிவேடுகள் இருந்த இடம் அதுதான். மறுநாள் இராணுவச் சட்டம். வரியப்பொல தோட்டத்தருகே படையினர் கூட்டத்தைச் சிதறடித்தார்கள். ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவைக் கண்டியில் நிறுத்திச் சுட்டார்கள். அதே மாதம் குடாபொல தேரரைக் காவியுடையிலேயே சுட்டார்கள். இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி மட்டும் 18 பேர் கொல்லப்பட்டார்கள். கொங்காலேகொட பண்டாவைக் கசையால் அடித்து மலாக்காவுக்கு நாடுகடத்தினார்கள். இது இலண்டன் பாராளுமன்றம்வரை போய் விசாரணை நடந்து, 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். துவக்கு வரி உட்படப் பெரும்பாலான வரிகள் கைவிடப்பட்டன அல்லது தளர்த்தப்பட்டன. வீதிச் சட்டம் நீடித்தது.

இந்தக் கதையைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நான் கேட்க வந்தது வேறு. அந்த இரண்டரை ஷில்லிங் விதி துவக்கைப் பற்றி என்ன சொன்னது? யாரிடம் இருக்கிறது, காசு கட்டினானா என்பதை மட்டும். எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது கீழே வைக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்று அதில் ஒன்றுமில்லை. கிராமத்தானின் துவக்கை எண்ணியது. வரியப்பொலவில் நின்ற படையாளின் துவக்கை எண்ணவில்லை.

இதில் நம்ம ஆட்கள் எங்கே என்றும் கேட்டுவிட வேண்டும். அதே காலத்தில் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நம்ம முப்பாட்டன்மார். அவர்கள் கையில் துவக்கும் இல்லை, வரி கட்டத் துவக்கு என்று ஒரு பொருளும் இல்லை. அவர்களுக்குத் துவக்கு என்பது எப்போதும் எதிர்ப்பக்கம் இருந்த ஒன்று. 1900இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையில் துரைமார்தான் சேரலாம். 1915 கலவரத்தின்போது இப்படியான தொண்டர் படைகளும் வீதியில் இறக்கப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டு வந்ததுதான் 1916இன் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பல தடவை திருத்தப்பட்டு இன்றும் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். 1977 மேயில் டெவனில் சிவனு லெட்சுமணன் இறந்தார். இரண்டு இடத்திலும் சுட்டவர்கள் கையில் இருந்தது சட்டப்படியான துவக்குதான். "லைசன்ஸ் இருக்கா?" என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொரு வரலாறு: சுடுவது விளையாட்டானபோது

இனி மற்றப் பக்கம். சாமுவேல் கோல்ட் ரிவோல்வருக்குக் காப்புரிமை பெற்றது 1830களில். சுழலும் உருளையில் பல அறை. ஒரு தடவை நிரப்பினால் பல வெடி. ஒரு வெடிக்கு ஒரு தடவை மருந்து இடிக்கிற காலத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். படை, பொலிஸ், தோட்டத்துரை என்று அதிகாரம் இருந்த இடுப்பில் எல்லாம் அது ஏறியது.

அதே ரிவோல்வர் 1896இல் ஏதென்ஸில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கில் விளையாட்டுக் கருவியாக வந்து நின்றது. 25 மீற்றர் இராணுவக் கைத்துப்பாக்கிப் போட்டியில் அமெரிக்காவின் ஜோன் பெய்ன் 442 புள்ளியோடு முதலிடம், அவருடைய அண்ணன் சம்னர் பெய்ன் 380 புள்ளியோடு இரண்டாமிடம். இரண்டு பேர் கையிலும் கோல்ட் ரிவோல்வர். அடுத்த போட்டியில் ஜோன் கலந்துகொள்ளவில்லை. முதல் போட்டியில் ஜெயித்தவன் அடுத்ததில் விலக வேண்டும் என்பது அண்ணன் தம்பி பேசிக்கொண்ட ஒப்பந்தம். அந்த இரண்டாவது போட்டியில் அண்ணன் ஜெயித்தார். எழுதப்படாத விதி, ஆனால் தன்னைத்தானே கட்டிக்கொண்ட விதி.

எல்லாம் இப்படி அழகாக இருக்கவில்லை. 1906இல் அதே ஏதென்ஸில் நடந்த போட்டியொன்றில் கோட்டு அணிவித்த மனிதப் பொம்மையை நிறுத்திச் சுட்டார்கள். துவந்த யுத்தப் பழக்கத்தின் மிச்சம். விரைவுச் சுடுதல் போட்டிகளில் மனித உருவ நிழல்தான் 1980களின் முடிவுவரை இலக்காக இருந்தது. பிறகுதான் கறுப்பு வட்டத்துக்கு மாறினார்கள். மனித உருவம் இலக்கிலிருந்து இறங்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது.

பாரபட்சமும் இருந்தது. ஹங்கேரியின் கரோலி தக்காஷ் 1936இல் நல்ல சுடுநர். ஆனால் தேசிய அணியில் இடமில்லை, ஏனென்றால் அவர் சார்ஜண்ட். அதிகாரிகளுக்கு மட்டும்தான் அணி. அந்த விதி தளர்ந்த பிறகு 1938இல் பயிற்சியில் கைக்குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. இடது கையால் சுடப் பழகி 1948இலும் 1952இலும் விரைவுப் பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார். இந்தக் கதையை எல்லோரும் மனவுறுதிக்கு உதாரணமாகச் சொல்லுவாங்க. எனக்கு அதில் முக்கியம் 1936தான். யார் சுடலாம் என்று பதவி பார்த்த விதி விழுந்த பிறகுதான் அது உண்மையான விளையாட்டு ஆனது.

கோட்டுக்குப் பின்னால் எல்லோரும் ஒன்று

1907இல் தொடங்கிய சர்வதேசச் சுடுதல் சம்மேளனத்தின் போட்டிகளில் ரிவோல்வருக்கு இன்றும் இடமுள்ள ஒன்று 25 மீற்றர் சென்டர் ஃபயர் பிஸ்டல். ஒலிம்பிக்கில் இல்லை, உலக சாம்பியன்ஷிப்பிலும் ஆசிய மட்டத்திலும் உண்டு. 2006 டோஹா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜஸ்பால் ராணா 600க்கு 590 எடுத்துத் தங்கம் வென்றது இதில்தான். விதிகளைக் கொஞ்சம் பாருங்கள்:

மொத்தம் 60 வெடி. முதல் 30 நிதானமாக, ஐந்து வெடிக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30 விரைவாக: இலக்கு 3 விநாடி தெரியும், 7 விநாடி மறையும், ஒவ்வொரு தடவைக்கும் ஒரே ஒரு வெடி. ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். தயார் நிலையில் கை கீழ்நோக்கி 45 பாகைக்கு மேல் உயராமல் இருக்க வேண்டும். சன்னத்தின் விட்டம் 7.62 மில்லிமீற்றரிலிருந்து 9.65 வரை. விசையை இழுக்கக் குறைந்தது 1000 கிராம் எடை தேவைப்பட வேண்டும், தொட்டதும் வெடிக்கிற துவக்கு கூடாது. உருளையில் ஆறு அறை இருந்தாலும் போடுவது ஐந்துதான்.

இனிப் பாதுகாப்பு. ரேஞ்சுக்குள் துவக்கு வரும்போது அதன் அறை வெறுமை என்று காட்டப் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கொடி செருகியிருக்க வேண்டும். "லோட்" என்று கட்டளை வரும்வரை ஒரு சன்னம்கூட உள்ளே போகக் கூடாது. "ஸ்டொப்" என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். யாராவது இலக்குப் பக்கம் போயிருந்தால் துவக்கைத் தொடவே கூடாது. சும்மா விசையை இழுத்துப் பழகுவதற்கும் அனுமதி வேண்டும். ஆபத்தான ஒன்றைக் கண்டால் போட்டியாளர் உடனே அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். ஓடியபடி சுடும் நடைமுறைச் சுடுதல் போட்டிகள் இதைவிடக் கடுமை. குழல் அனுமதித்த கோணத்தைத் தாண்டினால், நகரும்போது விரல் விசைக்குள் இருந்தால், தவறுதலாக ஒரு வெடி போனால், அந்த நாள் முடிந்தது. ஐயோ தெரியாம நடந்துபோச்சு என்று சொன்னாலும் வீட்டுக்குத்தான்.

ரிவோல்வருக்கென்றே சில விஷயங்கள் உண்டு. உருளைக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. வெடிக்கும்போது அதன் வழியாகச் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். விரல் அங்கே இருக்கக் கூடாது, பக்கத்தில் ஆளும் ஒட்டி நிற்கக் கூடாது. கண்ணாடியும் காதுக் கவசமும் போட்டே ஆக வேண்டும். ரிவோல்வரில் ஒரு நல்ல குணமும் உண்டு. உருளையை வெளியே தள்ளிப் பிடித்தால் ஒவ்வொரு அறை வழியாகவும் வெளிச்சம் தெரியும். நான் சொல்றேன் நம்பு என்ற பேச்சுக்கு இடமில்லை, எல்லோரும் பார்க்கலாம்.

அடுத்த இரண்டு விதியைப் படித்தபோதுதான் எனக்கு மாமா ஞாபகம் வந்தது. விசையை இழுத்து "டிக்" என்று மட்டும் கேட்டால், குழலை இலக்குப் பக்கமே வைத்தபடி காத்திருக்க வேண்டும். அரை நிமிடமாவது. மருந்து உள்ளே புகைந்துகொண்டிருக்கலாம், தாமதித்து வெடிக்கலாம். உடனே திறக்கக் கூடாது. வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டாலும் அடுத்தது சுடக் கூடாது. முதல் சன்னம் குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம், அடுத்தது குழலைப் பிளந்துவிடும். நிறுத்து, கையைத் தூக்கு, அதிகாரியைக் கூப்பிடு.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. மாமாவிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. லைசன்ஸ் கேட்கத்தான் ஆள் இருந்தது.

இரண்டு விதமான விதி

போட்டி விதிகளைத் தலையில் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. சுடுதல் காசுள்ளவர்களின் விளையாட்டு என்று நீங்க சொன்னா, நான் மறுக்க மாட்டேன். மலையகத்துப் பிள்ளைக்கு ஒரு காற்றுத் துவக்கும் ஒரு பயிற்சி இடமும் எட்டாத தூரம். டோக்கியோவில் தெஹானி எகொடவெல நின்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அடுத்த வாரம் ஒரு ரேஞ்சுக்குள் நுழைய வழி இருக்கிறது? துவக்கைப் பார்த்தாலே போரின் ஞாபகம் வருகிற ஒரு நாட்டில், இது எதுக்குத் தேவை என்று கேட்பவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். 1848இன் விதி துவக்கு இல்லாதவனுக்குப் பாதுகாப்புத் தரவில்லை, இருந்தவனுக்கும் தரவில்லை. அது மேலேயிருந்து கீழே பார்த்த விதி. ரேஞ்ச் விதி துவக்கைப் பிடித்திருப்பவனைப் பார்க்கிறது. ஜெனரலாக இருந்தாலும் குழல் திரும்பினால் வெளியே. அது முதலில் காப்பாற்ற நினைப்பது பக்கத்தில் நிற்பவனை. முல்லோயாவிலும் டெவனிலும் இப்படி ஒரு விதி, துவக்கைப் பிடித்தவனைக் கட்டுப்படுத்துகிற விதி, வேலை செய்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே "ஸ்டொப்" சொல்ல யாருமே இருக்கவில்லை.

இன்றைக்கும் சேனை ஓரங்களில் இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் இருக்கின்றன. கட்டுத்துவக்குக்குப் பன்றியும் தெரியாது, விறகு பொறுக்கப் போகும் அம்மாவும் தெரியாது. அதைப் பிடித்து வழக்குப் போடுவது தேவைதான். ஆனால் அத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பயிரைக் காப்பாற்ற வேறு வழி தர வேண்டும். அனுமதியோடு வைத்திருப்பவர்களுக்காவது, பத்திரம் புதுப்பிக்கும் நாளில் அரை மணிநேரம் உட்கார வைத்து "டிக்" சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கலாம். தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் அடிக்கலாம். நம்ம மாதிரி இளைஞர் அமைப்புகளே அதை எழுதிக் கொடுக்கலாம், பெரிய செலவில்லை.

போன ஜூனில் மறுபடியும் வஹகோட்டைக்குப் போயிருந்தேன். பலூன் கடை இருந்தது, அந்தப் பெரியவர் இல்லை. அவருடைய இடத்தில் ஒரு பையன், போனைப் பார்த்துக்கொண்டே துவக்கை நீட்டினான். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் ஏழெட்டு வயசில் ஒரு சின்னப்பொண்ணு நின்றாள். துவக்கை அவள் கையில் கொடுப்பதற்கு முன்னால் நானே சொன்னேன்: "பாப்பா, குழல் பலூனைத்தான் பார்க்கணும்."